ஒரே ஆள், இரண்டு மனு

நவ. 6, புதன்

காலையிலிருந்து தூறல். அங்கன்வாடிக்குப் பிள்ளைகள் ஒன்பது பேர்தான். மேற்கு மூலை ஒழுகுகிறது, குண்டானை அடியில் வைத்தாயிற்று. முட்டை நாள். மிச்சம் நாலு.

மத்தியானத்துக்கு மேல் வாக்காளர் வேலை. பெயர் சேர்க்கப் பாரம் ஆறு, நீக்க ஏழு, மாற்ற எட்டு. இந்த ஊருக்குப் பதினோரு வருடமாக வாக்குச்சாவடி அலுவலர், பி.எல்.ஓ., நான்தான். என்னிடம் சத்துமாவு வாங்கித் தின்ற பிள்ளைகள் இப்போது ஓட்டுப் போடும் வயதில்.

பதினெட்டு முடிந்தவர்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதி வந்த பட்டியலில் பையன்கள் இருபத்து மூன்று, பெண்கள் பதினொன்று. இந்த ஊரில் பெண் பிள்ளைகளே பிறக்கவில்லையா என்ன. பிறந்தார்கள். எடை போட்டவள் நான்.

போன் ஆப்பில் இன்று ஏற்றியது ஐந்து மனு. ஐந்தாவது என் மகள் நிவேதாவுடையது. பிளஸ் டூ பரீட்சைக்கு எடுத்த போட்டோ ஒன்று மிச்சம் இருந்தது. ஆதார் நகல் பீரோவில். உறவினர் பெயர் என்ற இடத்தில் அவள் அப்பாவைப் போடலாமா என்று பேனாவைப் பிடித்தபடி யோசனை. நாலு வருடத்துக்கு முன் அவர் பெயரை நீக்கப் பாரம் ஏழு எழுதியதும் இதே மேஜையில்தான். என் பெயரைப் போட்டேன்.

கையெழுத்தும் போட்டேன். அவளுடையதை.

தீபாவளிக்கு நாலு நாள் இருந்தாள். பாரத்தை நீட்டினேன். "அப்பறம் போடுறேம்மா, நெயில் பாலிஷ் காயல." அப்புறம் பஸ் வந்துவிட்டது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் போட்டது. 'வே' கொஞ்சம் சாய்ந்துவிட்டது. யார் பார்க்கப் போகிறார்கள்.

நாளைக்கு: ஸ்டாம்ப் பேடு மை. கேஸ் புக் பண்ணணும். கரண்டுக்காரரைக் கூப்பிட வேண்டும், முன் விளக்கு எரியவில்லை.


நவ. 8, வெள்ளி

வெயில் எட்டிப் பார்த்தது. கீழத்தெரு முடித்தேன். கடைசியாகச் சங்கவி வீடு. பி.காம். இரண்டாம் வருடம், தினமும் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வருகிறது. அப்பா யூரியா மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"பயலுக்கு எழுதிக்கங்க டீச்சர். அவளுக்கு வேணாம்."

"ஏண்ணே?"

"இன்னைக்கோ நாளைக்கோ கட்டிக்குடுத்துருவோம். போற எடத்துல போட்டுக்கட்டும். இங்கிட்டு ஒருக்கா எழுதி, அப்பறம் அடிச்சு, அங்கிட்டு ஒருக்கா எழுதி... எதுக்கு ரெண்டு வேல?"

"வேல எனக்குத்தானேண்ணே."

"ஒங்களுக்குத்தான் சொல்றேன். பாவம், மழையில அலையிறீங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி: "ஆமா, எரக்கப்பட்டுத்தான் சொல்றாக. மாடு அவுத்துக்கிட்டுப் போயிருச்சு, அதப் பாருங்க மொதல்ல."

நான் விடவில்லை. இந்த வீட்டில் சாப்பிடுகிறது, இந்த வீட்டில் தூங்குகிறது, இந்த வீட்டு நம்பருக்குக் கீழே அதன் பெயர் ஒரு தடவையாவது இருக்க வேண்டாமா என்று நின்ற இடத்திலேயே கால் மணி நேரம். சங்கவி கதவு மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

வரும் வழியில் எங்கள் அப்பா ஞாபகம். அவர் சொன்னதும் அதே வார்த்தைதான், "போற எடத்துல." நான் அரசியல் படித்து பி.ஏ. வாங்கியவள். அரசியலமைப்புத் தாளில் கல்லூரியில் முதல் மார்க். முதல் ஓட்டுப் போட்டது இருபத்து நாலு வயதில், இந்த ஊரில், என் வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே. பிறந்த ஊர்ப் பட்டியலில் என் பெயர் ஒரு நாளும் இருந்ததில்லை. நான் அந்த வீட்டில் இருந்தேன் என்பதற்கு ரேஷன் கார்டு ஒன்றுதான் காகிதம். கல்யாணம் ஆன மறு மாதமே அதிலும் அடித்துவிட்டார்கள்.

கால் பித்தவெடிப்பு. களிம்பு தீர்ந்துவிட்டது.


நவ. 10, ஞாயிறு

இட்லி ஊற்றினேன். ஒரு ஆளுக்கு ஒரு தட்டுகூட நிறைவதில்லை. மூன்று குழியில் மாவு, மற்றது சும்மா ஆவியில்.

நிவேதா பேசினாள். நாலு நிமிடம். வீடியோவில் வர மாட்டாள், ரூமில் மற்ற பிள்ளைகள் இருக்கிறார்களாம். நர்சிங் படிப்பு கஷ்டமா என்றால் "ம்" என்கிறாள். சாப்பாடு எப்படி என்றால் அதற்கும் "ம்". இன்றைக்கு இட்லி போட்டார்களாம். இங்கேயும் இட்லி என்றேன். மனு விஷயம் சொல்லவில்லை. வேலை முடிந்ததுதானே, கார்டு வந்ததும் கையில் கொடுத்தால் போகிறது.

அவள் போய் மூன்றாவது மாதம். வீட்டில் என் குரலே எனக்குக் கேட்பதில்லை. பல்லி சத்தம் போட்டால் "என்ன" என்று கேட்டுவிடுகிறேன்.


நவ. 14, வியாழன்

மழை. குழந்தைகள் தினம். மிட்டாய். கூட்டிய தரையில் மறுபடியும் காகிதம்.

நிவேதா: "சாப்ட்டேன்." "நல்லாருக்கேன்." "இட்லிதான்." இரண்டு நிமிடம்.


நவ. 16, சனி

பள்ளிக்கூடத்தில் முகாம். காலை பத்துக்குத் தொடங்கி ஐந்து வரை. மேஜை ஒன்று, நாற்காலி இரண்டு, சுவரில் ஒட்டிய பட்டியல். வந்தவர்களில் பாதிப் பேர் தன் பெயரைப் பார்க்காமல் அடுத்தவன் போட்டோவைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள்.

கூலிங் கிளாஸோடு எடுத்த போட்டோ கொண்டுவந்தான் ஒருவன்.

"தம்பி, கண்ணு தெரியணும்."

"எனக்குத் தெரியுது டீச்சர்."

"ஒங் கண்ணு எனக்குத் தெரியணும்டா."

"அவன் கண்ணத் தொறந்தாலும் இப்புடித்தான் டீச்சர் இருப்பான்," என்று பின்னாலிருந்து ஒருவன். மேஜையே ஆடுகிற மாதிரி சிரிப்பு.

இன்னொருவன், "ஓட்டுப் போட்டா வெரல்ல வைக்கிற மை எத்தன நாளைக்கு இருக்கும்? பைக் கம்பெனி இன்டர்வியூ இருக்கு." போகாவிட்டால் என்ன, பெருமையாகக் காட்டு என்றேன்.

மத்தியானம் சங்கவி வந்தது. அண்ணன்காரன் பைக்கை வெளியே நிறுத்திவிட்டு நின்றான். வேர்த்திருந்தது.

"அப்பா கையெழுத்து வேணுமா டீச்சர்?"

"வேணாம். ஒங் கையெழுத்து மட்டும்தான். அத வேற யாரும் போடக் கூடாது."

சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். தாகம் இல்லை.

அது மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டது. போட்டுவிட்டு, "கல்யாணம் ஆனா மாத்திக்கலாமா?" மாத்திக்கலாம், பாரம் எட்டு. "மாத்தாம இங்கயே வச்சுக்கலாமா?" எங்கே இருக்கிறாயோ அங்கேதான் ஓட்டு, அதுதான் சட்டம் என்றேன்.

மொத்தம் பதினாலு மனு. பெண்கள் ஆறு.


நவ. 17, ஞாயிறு

முகாம். மூன்று பேர். மழை. தனியாக உட்கார்ந்து கரும்பலகையில் யாரோ விட்டுப்போன கணக்கைப் போட்டு முடித்தேன்.


நவ. 21, வியாழன்

பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது தாலுகா ஆபீசிலிருந்து சூப்பர்வைசர் போன். நல்ல மனிதர், சத்தம்தான் ஜாஸ்தி.

"டீச்சர், ஒங்க பாகம் லிஸ்ட்ல ஒண்ணு மாட்டியிருக்கு. ஒரே ஆளு, ரெண்டு மனு. ஒண்ணு ஒங்க வழியா வந்துருக்கு. இன்னொண்ணு கோயம்புத்தூர்ல ஆன்லைன்ல. ஆதார் ஒண்ணுதான், கம்ப்யூட்டர் புடிச்சிருச்சு. வீட்டு நம்பர் ரெண்டு பை நூத்திப் பதினெட்டு. நேர்ல போயி விசாரிச்சு எழுதிருங்க."

"சார்."

"வீடு தெரியும்ல?"

"என் வீடு சார்."

சிரித்தார். "அப்ப அலைச்சல் மிச்சம்." பிறகு குரலைத் தணித்து, "நம்ம பாப்பாவா? சின்ன விசயம் டீச்சர். புள்ள தெரியாம ரெண்டு எடத்துல போட்டுருச்சுன்னு எழுதிருங்க. அங்க உள்ளதத் தள்ளுபடி பண்ணிருவாங்க. ஒங்க பொண்ணு ஒங்க ஊர்லயே இருக்கட்டும். என்ன?"

"அப்படி எழுதலாமா சார்?"

"எல்லாரும் அப்படித்தான எழுதுறாங்க. அடுத்த வியாழக்கெழமைக்குள்ள குடுத்துருங்க."

கையில் சாம்பார் கரண்டி. ஒரு பிள்ளை தட்டை நீட்டிக்கொண்டே நின்றது.

ஒங்க பொண்ணு ஒங்க ஊர்லயே இருக்கட்டும். சாயங்காலம் வரை அந்த வாக்கியம் காதில். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது.

ஆப்பில் அவள் மனுவைத் திறந்து பார்த்தேன். போட்டோ திறக்கவில்லை, சிக்னல் போதாது. முகவரி ஹாஸ்டல். உறவினர் பெயர் என்ற இடத்தில் அவள் அப்பா பெயர். போட்ட தேதி பன்னிரண்டு. பத்தாம் தேதி பேசினாள், பதினாலாம் தேதி பேசினாள். சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. இரண்டு பேரும் இட்லியைப் பற்றிப் பேசியிருக்கிறோம்.


நவ. 22, வெள்ளி

மூட்டம். மழை இல்லை.

பாரம் ஆறின் அடியில் உறுதிமொழி. இதற்கு முன் வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லை, பொய் சொன்னால் தண்டனை உண்டு. எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன். இன்றுதான் முழுதாகப் படித்த மாதிரி இருக்கிறது.

சார் சொன்னபடி எழுதினால்: கோயம்புத்தூர் மனு தள்ளுபடி. நிவேதா பொய் உறுதிமொழி கொடுத்ததாக ஒரு காகிதம், அவள் பெயரில், சர்க்கார் பைலில். பதினெட்டு வயதில் அவள் சர்க்காருக்கு எழுதிய முதல் காகிதத்திலேயே. யாரும் அவளைச் சிறையில் போடப் போவதில்லை. ஆனால் அது அங்கே இருக்கும். இங்கே பட்டியலில் எனக்குக் கீழே அவள் பெயர் இருக்கும்.

உள்ளதை எழுதினால்: கையெழுத்துப் போட்டது நான். அம்மாவாக இருந்தாலும் பி.எல்.ஓ. மெமோ. அங்கன்வாடி வேலை வரைக்கும் போகுமா தெரியவில்லை. பட்டியலில் 2/118-க்கு ஒரே பெயர்.

ஒன்றுமே எழுதாமல் இருந்தால்: இரண்டும் தள்ளுபடி. வருகிற தேர்தலில் அவளுக்கு ஓட்டு இல்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. நான் அந்தக் கையெழுத்தைப் போடாமல் இருந்திருந்தால் அவள் பெயர் அங்கே சத்தமில்லாமல் ஏறியிருக்கும். எனக்குத் தெரிந்தேயிருக்காது. தெரிய வந்ததற்குக் காரணமே என் தப்புதான்.

தயிர் உறையவில்லை.


நவ. 24, ஞாயிறு

கடைசி முகாம். ஐந்து பேர். முடிந்து, பள்ளிக்கூட வராந்தாவிலேயே உட்கார்ந்து நிவேதாவுக்குப் போன். வீட்டில் வைத்துப் பேச ஏனோ தைரியம் வரவில்லை.

சொன்னேன். எல்லாவற்றையும்.

"என்னம்மா சொல்ற? எங் கையெழுத்த நீ போட்டியா?"

"ஆமா."

"நான் எப்புடிப் போடுவேன்னு ஒனக்குத் தெரியுமா?"

"பத்தாவது சர்டிபிகேட்ல பாத்து..."

"அது பழசும்மா. காலேஜ் சேந்த அன்னைக்கே மாத்திட்டேன். இப்ப இங்கிலீஷ்ல. ஒரு என், ஒரு இழுப்பு. அவ்ளோதான்."

தமிழில் எழுதிப் பழக்கியது நான். ஒன்றாம் வகுப்புக்கு முன்னாலேயே, அரிசியில்.

"ஏம்மா அங்க போட்ட?"

"நீ இங்கதான இருக்க."

"நான் எங்கம்மா இருக்கேன் அங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கே சந்தேகம் வந்து கேட்ட மாதிரி இருந்தது.

பிறகு அவளே பேசினாள். காலேஜில் வந்து சொன்னார்களாம். ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து போனில் போட்டார்களாம். நாலு வருடம் அங்கேதானே. "எலெக்சன் பரீட்ச நேரத்துல வந்தா எப்புடிம்மா வருவேன்? ஏழு மணி நேரம் பஸ்ஸு. இங்கன்னா நடந்து போயி போட்டுட்டு வந்துருவேன். பேரு இருந்தும் போடாதவங்களப் பாத்தா ஒனக்குப் புடிக்காதுல்ல?"

பிடிக்காதுதான்.

"எல்லாருக்கும் மெசேஜ் வந்துருச்சும்மா. எனக்கு மட்டும் வரல. நான்தான் ஏதோ தப்பாப் போட்டுட்டேன்னு நெனச்சேன். வார்டன்கிட்ட வேற கேட்டேன், நீ கவனமாப் போடலன்னு திட்டுனாங்க."

"தப்பு ஒன் மேல இல்ல பாப்பா."

"இப்ப என்னோடது ரிஜெக்ட் ஆயிருமா?"

"ஆகாது."

"எப்புடிச் சொல்ற?"

"நான் எழுதப் போறேன்."

"வைக்கிறேம்மா," என்றாள். யாரோ கூப்பிடுகிறார்கள் என்றாள். யாரும் கூப்பிட்ட சத்தம் கேட்கவில்லை.

சுவரில் ஒட்டிய பட்டியலைக் கிழிக்காமல் பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆயிற்று.


நவ. 26, செவ்வாய்

பிசுபிசு மழை.

விசாரணை அறிக்கைக்குப் பக்கத்து வீட்டாரின் கையெழுத்து வேண்டும். இந்த நபர் இந்த வீட்டில் குடியில்லை என்று. எத்தனையோ பேருக்கு வாங்கியிருக்கிறேன், மூன்று நிமிட வேலை. ராசாத்தி அக்கா வீட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

"நிவேதா இங்க இல்லன்னு நான் கையெழுத்துப் போடணுமா? என்னடி சொல்ற?"

"ஆமாக்கா. ஒரு சாட்சிக்கு."

"தீவாளிக்கு வந்துச்சே. எங்க வீட்டுலதான் அதிரசம் தின்னுச்சு. எண்ண சரியில்லன்னு கொறையும் சொல்லுச்சு."

"வந்தாக்கா. போயிட்டா."

"அது செருப்பு ஒங்க வாசல்ல கெடக்கு."

"பழைய செருப்புக்கா."

"சுடிதாரு கொடியில கெடக்கு."

"அது விட்டுட்டுப் போனது. மழையில காயல, மறுபடி தொவச்சுப் போட்டேன்."

"அப்ப இருக்குன்னுதானடி அர்த்தம்?"

"போனதுலருந்து எத்தன நாளுக்கா இருந்துருக்கா?"

அக்கா விரலை மடக்கினாள். "ஆயுத பூசைக்கு ரெண்டு நாளு. தீவாளிக்கு நாலு." அடுத்த விரலை மடக்க வந்து அப்படியே வைத்துக்கொண்டாள். பேனாவை வாங்கினாள். ரா, சா, த், தி. ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இதுனால அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. அங்க ஓட்டு வந்துரும்."

"ஒனக்கு?"

தூறல் பலமாகிறது, துணியை எடுக்கணும் என்று வந்துவிட்டேன்.

சுடிதாரை எடுத்து மடித்து பீரோவில். செருப்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. கிடக்கட்டும்.


நவ. 27, புதன்

பால் வாங்கப் போன இடத்தில் சங்கவி அப்பா. ராசாத்தி அக்கா வாயில் எதுவும் நிற்காது.

"ஊர்ப் புள்ளைகள எல்லாம் பொறந்த வீட்டுலதான் எழுதணும்னு நிக்கிறீங்க. எம் மகளையும் எழுதிக்கிட்டீங்க. ஒங்க மக மட்டும் கோயமுத்தூர்ல எழுதிக்கிச்சாமே?"

கேனோடு நின்ற நாலு பேரும் திரும்பினார்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கும் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வந்திருக்க வேண்டும்.

"ஆமாண்ணே. அவ அங்கதான் இருக்கா."

வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் முகம் மாறிவிட்டது. "படிக்கிற புள்ளதான, வந்துரும் டீச்சர்," என்று என் கேனை வாங்கி முதலில் அளக்கச் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். சங்கவிக்காக நான் போட்ட சண்டை சரியான சண்டைதான். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் வாசலில் கால் மணி நேரம் பேசியதில் பாதி எங்கள் அப்பாவிடம் பேசியது. இன்னொரு பாதி நிவேதாவிடம். சங்கவிக்காக எவ்வளவு பேசினேன்?


நவ. 28, வியாழன்

பகல் பஸ்ஸில் தாலுகா ஆபீஸ். கறம்பக்குடியில் இறங்கும்போதே குடை மடங்கிப் போனது.

சூப்பர்வைசர் அறிக்கையை நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை.

"'மனுவில் உள்ள மகளின் கையெழுத்தை நானே இட்டேன்.' இத எழுதணுமா டீச்சர்? குடியில்லன்னு மட்டும் எழுதுனாப் போதுமே. ஒங்க மனு தள்ளுபடி, அங்க உள்ளது பாஸ். முடிஞ்சுச்சு."

"அப்ப அவ ரெண்டு எடத்துல கையெழுத்துப் போட்டதா ஆயிரும் சார்."

"சின்னப் புள்ள. யாரு கேக்கப் போறா?"

"அவ போடல சார்."

வேறு தாள் எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மா டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"மெமோ வரும். வெளக்கம் கேப்பாங்க."

"குடுக்குறேன் சார்."

"பி.எல்.ஓ. வேலைய வேற ஆளுக்கு மாத்துனாலும் மாத்துவாங்க. பதினோரு வருசம் ஒரு பிழை இல்லாம பாத்துருக்கீங்க."

அவர் சீல் வைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம். வேலைப்பளு குறையும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வேறு கணக்கு. இந்த ஊரில் இருநூற்றுச் சொச்சம் வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று "யாரு இருக்கீங்க" என்று கூப்பிட எனக்கு உரிமை இருந்தது. வாங்க டீச்சர், உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா. பாரங்கள் வைத்த அந்தப் பை இல்லாமல் யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்?


டிச. 1, ஞாயிறு

போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. மெசேஜ்: "சாப்டேன்." நானும்: "சாப்பிட்டேன்." சாப்பிடவில்லை.


டிச. 3, செவ்வாய்

கனமழை, பள்ளிக்கூடங்களுக்கு லீவு. அங்கன்வாடி ஒழுகல் இரண்டு இடமாகிவிட்டது.

மெமோ வந்துவிட்டது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாளில் விளக்கம். ஒரு பக்கத்தில் எழுதினேன். முதலில் எழுதியதில் 'தாய்ப் பாசத்தினால்' என்று ஒரு வார்த்தை இருந்தது. அடித்தேன். பிறகு 'அறியாமையால்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அறியாமை இல்லை. எல்லாம் அறிந்துதான். கடைசியில் காரணமே இல்லாமல், செய்தேன், தவறு, இனி நடக்காது என்று மூன்று வரி.

சாயங்காலம் சங்கவி குடையில்லாமல் வந்து வாசலில் நின்றது. துப்பட்டா எல்லாம் தண்ணீர். போனை நீட்டியது. பெயர் சேர்க்கப்பட்டதாக மெசேஜ்.

"அப்பாட்ட காட்டுனியா?"

"காட்டுனேன் டீச்சர். அண்ணனுக்கு இன்னும் வரலயேன்னு கேக்குறாங்க."

உள்ளே வா, டீ போடுகிறேன் என்றேன். அம்மா தேடும் என்று ஓடிவிட்டது. பால் அடுப்பில் வைத்தாயிற்று, அப்புறம் நானே குடித்தேன்.


டிச. 5, வியாழன்

மழை வெறித்திருந்தது. பாய்களை வெயிலில் போட்டோம். பதினொரு மணிக்குத் தெரியாத நம்பர்.

"அங்கன்வாடி டீச்சருங்களா? நான் கோயம்புத்தூர்ல இருந்து பேசறனுங்க. இங்க ஹாஸ்டல் ஏரியாவுக்கு நான்தான் பி.எல்.ஓ. நிவேதாங்கற புள்ள மனு விசயமா. ஒங்க ரிப்போர்ட் வந்துருச்சுங்க."

அவர் பின்னால் ஒரு பிள்ளை அழுதது. இன்னொன்று ஒன்று, ரெண்டு, அஞ்சு என்று எண்ணியது. என் பின்னாலும் அதே சத்தம்தான்.

"நீங்களும் பால்வாடியா?" என்றேன்.

"ஆமாங்க. இருபது வருசம். டேய், அத வாயில வெக்காத. ஒண்ணுமில்லீங்க, நீங்க சொல்லுங்க."

சிரித்துவிட்டேன். அவரும்.

"ஒண்ணு கேக்கோணும். இப்ப நீங்க அம்மாவாப் பேசறீங்களா, பி.எல்.ஓ.வாப் பேசறீங்களா?"

"எதுவாப் பேசணும்?"

"பி.எல்.ஓ.வாப் பேசுங்க. அதுதான் எனக்கு வேணும். ரிப்போர்ட்ட முடிக்கோணுமில்லீங்க."

நேற்று ஹாஸ்டலுக்கு நேரில் போனாராம். இரண்டாவது மாடி. ஒரு ரூமுக்கு நாலு கட்டில், நிவேதாவுடையது ஜன்னல் பக்கம். பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாராம். நான் கொண்டுபோய் விட்ட அன்றைக்குக் கீழே விசிட்டர் ஹால் வரைதான் விட்டார்கள். மாடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. எழுதிக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எல்லாஞ் செரியாத்தானுங்க இருக்குது. ஒண்ணே ஒண்ணு. ரெண்டு மனுவுலயும் போட்டோ ஒத்துப்போகல. ஒங்குளுதுல கண்ணாடி இல்ல. நான் பாத்த புள்ள கண்ணாடி போட்டிருக்குது. கருப்பு பிரேமு, கொஞ்சம் பெருசு. அதே புள்ளதானுங்களா? நீங்க ஒரு வார்த்த சொல்லீட்டா இப்பவே பாஸ் பண்ணி உட்டுருவேன். இன்னைக்குத்தான் கடைசி நாளு."

தீபாவளிக்கு வந்தபோது கண்ணாடி இல்லை.

"ஆமாங்க," என்றேன். "கண்ணாடி போட்ட பொண்ணுதான்."